அலெக்சாந்திரியா நூலகமும் ஒரு மாணவனின் கேள்வியும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் என் தங்கை மகன் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தான். கல்லூரியில் வரலாற்றுப் பாடம் எடுத்து முதலாண்டை முடித்திருந்த நேரம் அது. இரவு உணவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்திருந்தபோது தயங்கித் தயங்கி ஒரு கேள்வியைக் கேட்டான்.

"மாமா, அலெக்சாந்திரியாவில் இருந்த பெரிய நூலகத்தை உமர் கலீஃபா கொளுத்தச் சொன்னார்களாமே, உண்மையா?"

"பொய்! அப்பட்டமான பொய்!" என்றேன்.

"பொய் என்பதற்கு ஆதாரம் என்ன மாமா?"

"உமர் (ரலி) அவர்கள் அப்படிச் செய்யக்கூடியவர்களா? நீயே யோசித்துப் பார்."

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதையேதான் வகுப்பில் நானும் சொன்னேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்" என்றான்.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்தச் சிரிப்பு அவனுக்கு மட்டும் உரியதன்று, எனக்கும் உரியதே என்பது அன்றிரவு எனக்கு விளங்கிற்று. நான் கூறிய விடை சரியாக இருக்கலாம். ஆனால் அதை அடைந்த வழி வரலாற்று வழியன்று. அது பாசத்தின் வழி. பாசம் ஒருவனுக்குச் சான்றாகத் தோன்றலாம். எதிரே அமர்ந்திருப்பவனுக்கு அது சான்றாகாது.

அந்த விடுமுறை முழுவதும் நாங்கள் இருவரும் அந்த ஒரு செய்தியையே துருவித் துருவிப் படித்தோம். மாணவச் செல்வங்கள் வரலாற்றை ஏன் படிக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுதுமாறு இவ்விதழின் ஆசிரியர் கேட்டபோது, பொதுவான அறிவுரைகளை அடுக்குவதைவிட அந்தப் பயணத்தைச் சொல்வதே பயனுடையது என்று எண்ணினேன்.

கதை பிறந்த காலம்

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். எகிப்தை வென்ற தளபதி அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களிடம் யஹ்யா அந்நஹ்வீ என்னும் கிறித்தவ அறிஞர் வந்து, அரச கருவூலத்திலுள்ள நூல்களைத் தமக்குத் தருமாறு வேண்டினாராம். தளபதி கலீஃபாவின் கருத்தைக் கேட்டு மடல் எழுதினாராம். அந்நூல்கள் இறைமறைக்கு ஒத்தவையாயின் அவை தேவையில்லை, மாறானவையாயின் அவை கூடா, எவ்வகையிலும் அழித்துவிடுக என்று விடை வந்ததாம். நூல்கள் நகரின் குளியற்கூடங்களுக்கு விறகாக அனுப்பப்பட்டு, நாலாயிரம் கூடங்களில் ஆறு மாதம் எரிந்தனவாம்.

இதைக் கேட்டவுடன் நாம் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'இது நம்மவருக்கு இழுக்கா, பெருமையா?' என்பதன்று. 'இதை எழுதியவர் யார்? நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டுகளுக்குப் பின் எழுதினார்?' என்பதே.

அலெக்சாந்திரியா நகரம் உடன்படிக்கையின்படி பணிந்தது கி.பி. 641ஆம் ஆண்டின் இறுதியில். முஸ்லிம் படை உள்ளே நுழைந்தது 642ஆம் ஆண்டில். இந்தக் கதையோ, நமக்குக் கிடைக்கும் நூல்களில் முதன்முதலாகத் தலைகாட்டுவது 1200ஆம் ஆண்டளவில் எகிப்தில் தங்கியிருந்த அப்துல் லத்தீஃப் அல் பக்தாதீ என்னும் மருத்துவ அறிஞரின் நூலில்! அவரும் ஒரு பழந்தூணைப் பற்றிப் பேசும்போது போகிற போக்கில் ஒரு வரி எழுதிச் செல்கிறார். 1248இல் மறைந்த இப்னுல் கிஃப்தீ அதற்குக் கையும் காலும் வைத்து முழுக் கதையாக்கினார். அவருக்குப் பின், 1286இல் மறைந்த சிரியக் கிறித்தவப் பேரறிஞர் பார் ஹெப்ரேயஸ் (அரபு மொழியில் அபுல் ஃபரஜ்) அதைத் தம் வரலாற்று நூலில் சேர்த்தார். அந்நூலை எட்வர்டு போகாக் என்னும் ஆங்கிலேயர் 1663இல் இலத்தீனில் வெளியிட்ட பிறகே கதை ஐரோப்பா முழுவதும் பரவிற்று.

ஆக, நிகழ்ச்சிக்கும் அதை முதலில் எழுதியவருக்கும் நடுவே ஏறத்தாழ 550 ஆண்டுகள்! இன்று நாம் ஒருவர், இடையில் எவரும் எழுதிவைக்காத ஒரு செய்தியை, வாஸ்கோடகாமா வருவதற்கு முன் நம் ஊரில் நடந்ததாக எழுதினால் அதை யார் நம்புவார்?

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். கதையை முதலில் எழுதிய இருவரும் முஸ்லிம்கள். 'இசுலாத்தின் பகைவர்கள் கட்டிய கதை' என்று மேடைகளில் முழங்குகிறோமே, நானும் முழங்கியிருக்கிறேன், அதுவே சரியன்று. பொய்யை மறுக்கப் புறப்பட்டு, மறுப்பிலேயே ஒரு பிழையைச் செய்துகொண்டிருந்தோம்.

பேச வேண்டியவர் பேசாதபோது

ஒரு செய்தியை எழுதியவர்களை எடைபோடுவது போலவே, அதை எழுதாதவர்களையும் எடைபோட வேண்டும். வரலாறு பயிலும் மாணவர் பலர் இதை அறிவதில்லை.

எகிப்தின் நிகியூ நகரத்து ஆயர் யோவான் என்பவர் ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு வரலாறு எழுதினார். அதன் எத்தியோப்பிய மொழிபெயர்ப்பு மட்டுமே எஞ்சியுள்ளது. அரபுப் படையின் வருகையையும், நகரம் பணிந்ததையும், விதிக்கப்பட்ட வரியின் சுமையையும் அவர் விரிவாகச் சொல்கிறார். வெற்றி பெற்றவர்களைக் கடிந்து எழுத அவர் தயங்கவில்லை; தளபதி அம்ரு தேவாலயங்களின் உடைமையைத் தொடவில்லை என்று எழுதவும் தயங்கவில்லை. இத்தகையவர், தம் காலத்திற்கு மிக அருகில் நூலகம் ஒன்று ஆறு மாதம் எரிந்திருந்தால் அதைக் கூறாமல் விட்டிருப்பாரா?

பத்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலேயே கிறித்தவத் தலைவராய் இருந்த யூத்திக்கியஸ் வெற்றியை எழுதுகிறார். தீயைப் பற்றிய பேச்சில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் முஸ்லிம் வரலாற்றாசிரியர்களான இப்னு அப்தில் ஹகமும் பலாதுரீயும் எகிப்து வெற்றியைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், அங்கும் இல்லை. தளபதி கலீஃபாவுக்கு நகரின் சிறப்புகளை எண்ணி எழுதியதாக ஒரு மடல் பழைய நூல்களில் வருகிறது. நாலாயிரம் மாளிகைகள், நாலாயிரம் குளியற்கூடங்கள், நானூறு கேளிக்கை அரங்குகள், கீரை விற்போர் பன்னீராயிரவர் என்று நீளும் அந்தப் பட்டியலில் நூலகம் என்ற சொல்லே கிடையாது. கீரைக்காரரை எண்ணியவர் நூலகத்தை மறந்தாரா? பிற்காலக் கதைக்கு நாலாயிரம் என்ற கணக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் இந்த மடல் காட்டிக்கொடுக்கிறது என்றே நினைக்கிறேன்.

யஹ்யா அந்நஹ்வீயின் நிலையைக் கேளுங்கள். அவர் கற்பனை மனிதரல்லர். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யோவான் ஃபிலோபோனஸ் என்னும் மெய்யியல் அறிஞர். அவர் பிறந்தது 490ஆம் ஆண்டையொட்டி. 642இல் தளபதியைச் சந்தித்திருந்தால் அவருக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டியிருக்க வேண்டும்.

இனி, கணக்குப் பாடத்தையும் வரலாற்றுக்குள் கொண்டுவருவோம். நாலாயிரம் கூடங்கள், நாளொன்றுக்கு ஒரு கூடத்திற்கு ஒரே ஒரு நூல், ஆறு மாதம் என்றால் 180 நாள். மொத்தம் 7,20,000 நூல்கள். அந்நூலகம் தன் பொற்காலத்தில் பெற்றிருந்த நூல்களுக்குப் பழைய ஆசிரியர்கள் கூறும் மிகப் பெரிய எண்ணிக்கையே ஏறத்தாழ 7,00,000 சுருள்கள். நாளுக்கு ஒரு சுருளை எரித்து ஒரு குளியற்கூடத்தின் நீரைச் சூடாக்க முடியுமா என்று உங்கள் அன்னையரைக் கேளுங்கள். ஒரு குடம் வெந்நீருக்கு எவ்வளவு விறகு வேண்டும் என்பதை அவர்கள் சொல்வார்கள்.

இந்த ஐயங்களை எழுப்பியவர்களும் ஒரே கூட்டத்தார் அல்லர். ஆங்கில வரலாற்றாசிரியர் எட்வர்டு கிப்பன் 1788இல் வெளியான தம் நூற்பகுதியிலேயே இக்கதையை ஏற்கத் தயங்கினார். அவருக்கு இசுலாத்தின்மீது தனிப்பற்று எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நம் இந்தியப் பேரறிஞர் மௌலானா ஷிப்லி நுஃமானி உருது மொழியில் இதை மறுத்து எழுதினார். 1902இல் ஆல்பிரட் பட்லர் என்னும் ஆங்கிலேயர் எகிப்தின் வெற்றி பற்றிய தம் பெருநூலில் கதையின் ஒவ்வோர் இழையையும் பிரித்துக் காட்டினார். நகரம் பணிந்ததற்கும் ஒப்படைக்கப்பட்டதற்கும் இடையே பதினொரு மாதத் தவணை இருந்ததையும், அக்காலம் முழுவதும் கடல்வழி திறந்திருந்ததையும் அவர் சுட்டுகிறார். விலைமதிப்பற்ற நூல்கள் இருந்திருந்தால், அவற்றைக் கப்பலேற்ற ஓராண்டுக்குச் சற்றே குறைந்த அவகாசம் இருந்தது.

மறுபக்கக் கதையும் தேறவில்லை

இவ்வளவும் திரட்டியபின் தங்கை மகன் மகிழ்ச்சியோடு, "அப்படியானால் எரித்தவர்கள் கிறித்தவர்கள்தாம், இல்லையா மாமா?" என்றான். நம் இதழ்கள் பலவற்றில் அவ்வாறு எழுதப்பட்டிருப்பதை அவன் படித்திருந்தான். கி.பி. 391இல் அலெக்சாந்திரியாவின் செராப்பிஸ் கோயிலைக் கிறித்தவக் கூட்டத்தார் இடித்தது உண்மை. அக்கோயிலில் முற்காலத்தில் நூலகத்தின் ஒரு கிளை இருந்ததும் உண்மை. ஆனால் அந்த இடிப்பை விவரித்த பழைய ஆசிரியர் எவரும் அப்போது நூல்கள் அழிந்ததாகக் கூறவில்லை. யோவான் ஆயர் பேசாததை ஒரு சான்றாக நாம் எடுத்துக்கொண்டோமே, அதே அளவுகோலை இங்கும் வைக்க வேண்டாமா?

உண்மையில் அந்நூலகம் ஒரே நாளில் ஒரே தீயில் மடிந்ததாகத் தெரியவில்லை. கி.மு. 48இல் ஜூலியஸ் சீசர் துறைமுகத்தில் மூட்டிய தீ நூல்களைத் தின்றதாகச் சில பழைய ஆசிரியர்கள் எழுதுகின்றனர். கி.பி. 270களில் பேரரசன் அவுரேலியனின் போரில் அரண்மனைப் பகுதி பாழாயிற்று. இவற்றுக்கு இடையிலும் பின்னரும், பொருளுதவி வற்றி, படியெடுப்போர் இன்றி, பப்பிரசுச் சுருள்கள் தாமே மக்கி அழிந்திருக்க வேண்டும். கவனிப்பாரற்றுக் கிடக்கும் நம் ஊர் நூலகங்களைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது. இதில் குற்றவாளி என்று ஒருவரைச் சுட்ட முடிவதில்லை. கதையாகச் சொல்லச் சுவையுமில்லை. பரவாமல் போனதற்கு அதுவே காரணம் போலும்.

அப்படியாயின் இப்னுல் கிஃப்தீ ஏன் இக்கதையை எழுதினார்? சென்ற நூற்றாண்டின் ஆய்வாளர் சிலர் ஓர் ஊகம் கூறுகின்றனர். 1171இல் சுல்தான் ஸலாஹுத்தீன் எகிப்தில் பாத்திமிய ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தபின், கெய்ரோவில் அவ்வரசர்களின் மாபெரும் நூலகம் ஏலத்தில் சிதறிற்று. அச்செயலுக்கு உமர் (ரலி) அவர்களின் பெயரால் ஒரு முன்மாதிரி தேடப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இது ஊகம் மட்டுமே. நான் இதை முடிந்த முடிபாக ஏற்கவில்லை. ஆனால் நாம் போற்றும் ஸலாஹுத்தீன் பெயர் வருகிறதென்பதற்காக இதை மறைத்துவிடவும் எனக்கு மனமில்லை.

இப்னு கல்தூன் தந்த சல்லடை

நாங்கள் கையாண்ட முறை புதியதன்று. மத்ரஸாக்களில் ஹதீஸ் பயிலும் மாணவன், அறிவிப்பாளர் வரிசையை ஆராயாமல் எந்த அறிவிப்பையும் ஏற்பதில்லை. இவர் இவரைச் சந்தித்தாரா, நினைவாற்றல் எத்தகையது, வாய்மை எத்தகையது என்று துருவுவதற்கென்றே ஒரு கலை வளர்த்தவர்கள் நம் முன்னோர். அதே மாணவன் மேடையில் ஏறி வரலாறு பேசும்போது மட்டும் அந்தக் கலையை வீட்டில் வைத்துவிட்டு வருவது ஏன் என்பதுதான் புரியவில்லை.

1332இல் தூனிசில் பிறந்து 1406இல் கெய்ரோவில் மறைந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் இன்னொரு படி மேலே சென்றார். அறிவிப்பாளர் நல்லவரா என்று பார்க்குமுன், அறிவிக்கப்பட்டது நடக்கக்கூடியதா என்று பாருங்கள் என்றார். மூசா (அலை) அவர்களுடன் போர் செய்யத்தக்க ஆடவர் ஆறு இலட்சம் பேர் இருந்ததாக மஸ்ஊதீ முதலியோர் எழுதியதை அவர் எடுத்துக்கொண்டார். அத்தனை பேர் ஒரு களத்தில் அணிவகுத்தால் ஒரு கோடியில் நடப்பது மறு கோடிக்குத் தெரியுமா? யஃகூப் (அலை) அவர்களின் சிறு குடும்பம் நாலே தலைமுறையில் இவ்வளவு பெருகுமா? எண்ணிக்கையை மிகைப்படுத்துவது மனித இயல்பு என்றும், தாம் சார்ந்த கொள்கைக்கு உகந்த செய்தியை ஆராயாமல் விழுங்குவதே பிழைகளுக்கு முதற்காரணங்களில் ஒன்று என்றும் அவர் எழுதினார்.

ஆயினும் பாருங்கள், அதே முகத்திமாவில், பாரசீகத்தை வென்றபோது கிடைத்த நூல்களை நீரில் எறியுமாறு உமர் (ரலி) ஆணையிட்டதாக ஒரு செய்தியை இப்னு கல்தூன் எந்த ஐயமும் எழுப்பாமல் எழுதிச் செல்கிறார். அங்கும் ஏறத்தாழ அதே விடைதான்: நூல்களில் நல்வழி இருப்பின் அதைவிடச் சிறந்ததை இறைவன் நமக்குத் தந்துவிட்டான் என்பது. ஒரே சொல், ஒரு நூலில் எகிப்தில் தீயாகவும் மற்றொன்றில் பாரசீகத்தில் நீராகவும் வருகிறது. ஊர் ஊராகத் திரியும் கதைகளுக்குரிய அடையாளம் இது. சல்லடையைச் செய்து கொடுத்த பேராசானே ஓரிடத்தில் சலிக்க மறந்தார் என்றால், நம்மைப் பற்றிச் சொல்வானேன்!

இனிப்பான கதைகள்

மறுநாள் காலை தங்கை மகன் என்னிடமே திரும்பினான். "மாமா, வாஸ்கோடகாமாவுக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜித் என்று மீலாது விழாவில் பேசினீர்களே, அதற்கு யார் சான்று?"

பதினைந்து ஆண்டுகளாக நான் பெருமையோடு சொல்லிவந்த செய்தி அது. இருவரும் தேடினோம். 1498 ஏப்ரலில் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மாலிந்தியிலிருந்து புறப்பட்டு மே மாதம் கள்ளிக்கோட்டையை அடைந்த அப்பயணத்தில் ஒரு வழிகாட்டி இருந்தது உறுதி. போர்த்துக்கீச ஆசிரியர் பாரோஸ் அவரைக் குசராத்து முஸ்லிம் என்கிறார். பயணக் குறிப்பேடு எழுதியவரோ கிறித்தவர் என்கிறார். இப்னு மாஜித் என்ற பெயர் போர்த்துக்கீசர் எழுத்தில் இல்லை. அப்பெயரைச் சொன்னவர், நிகழ்ச்சிக்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பின் மக்காவில் எழுதிய குத்புத்தீன் நஹ்ரவாலீ. அதிலும், மது அருந்தி மயங்கிய நிலையில் வழி சொன்னார் என்பதே அவர் கூற்று! அந்தப் பகுதியை நம் மேடைகளில் எவரும் சொல்வதில்லை. 1498இல் இப்னு மாஜித் முதுமையை எட்டியவர். தாமே வழிகாட்டியதாகத் தம் நூல்களில் எங்கும் அவர் எழுதவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் காப்ரியேல் ஃபெர்ரான் இருவரையும் ஒருவராக்கினார். பின்வந்த ஆய்வாளர் பலர் அதை மறுத்துவிட்டனர்.

கடலியல் பற்றி இப்னு மாஜித் எழுதிய நூல்களே அவருடைய புகழுக்குப் போதும். எனினும் அன்று எனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை மறைக்கமாட்டேன். கசப்பான கதையைச் சலித்தபோது எனக்கிருந்த ஊக்கம், இனிப்பான கதையைச் சலித்தபோது இல்லை. அதே ஆண்டு மீலாது விழாவில், சென்ற ஆண்டுவரை நான் கூறிவந்தது தவறென்று எழுந்து சொன்னேன். கூட்டத்தில் இரண்டொருவருக்கு முகம் சுளித்தது.

வீட்டிலிருந்து தொடங்கலாம்

மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் பயிற்சி ஒன்றுண்டு. அதற்கு அலெக்சாந்திரியா வரை போக வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்தைப் பற்றிப் பாட்டனார் கூறும் ஒரு செய்தியை எழுதிக்கொள்ளுங்கள். யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று குறியுங்கள். பிறகு மஹல்லாவின் நிக்காஹ் பதிவேடு, பழைய நிலப் பத்திரம், கப்ருஸ்தானின் மீசான் கற்கள், ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள், அரபுத் தமிழில் எழுதிய கையேடுகள் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த முதியோர் எல்லா ஊரிலும் குறைந்து வருகின்றனர். கறையான் காத்திருக்காது.

நாங்களும் அதைச் செய்தோம். எங்கள் குடும்பம் யமன் நாட்டிலிருந்து குதிரை வணிகத்திற்கு வந்தது என்பது என் பாட்டனார் வாய்மொழி. பரணிலிருந்த தகரப்பெட்டியில் 1911ஆம் ஆண்டின் முத்திரைத்தாள் பத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் பாட்டனாரின் தகப்பனார், வெற்றிலைக் கொடிக்காலைக் குத்தகைக்கு எடுத்து உழுதுண்ணும் குடியானவர் என்று எழுதியிருந்தது. குதிரையும் இல்லை, யமனும் இல்லை. தங்கை மகன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு, "குத்தகை எடுத்தவர் வணிகரின் பேரனாகவும் இருக்கலாமே மாமா, ஒரு பத்திரத்தை வைத்து எப்படி முடிவு செய்வது?" என்றான். ஆம், இந்தப் பத்திரம் யமனை உறுதி செய்யவுமில்லை, மறுக்கவுமில்லை.

குத்தகை நிலத்தின் எல்லைகளில் வேறு இருவர் பெயர் இருக்கிறது. அவர்களில் ஒருவர் எங்கள் குடும்பப் பெயரையே தாங்கியிருக்கிறார். அடுத்த விடுமுறைக்கு அவன் வரும்போது பத்திரப்பதிவு அலுவலகத்தில் அந்த நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.